வீட்டுக்கு அடியில் ஒரு கோலம்

ஒல்லியான ஆள் தேவை

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி வீடமைப்புக்காரர்களுக்கு விற்ற பிறகு, ரந்தாவ் பக்கத்தில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், குடியேறினோம். பால் மரம் வெட்டிய கைக்குத் தாமானில் என்ன வேலை இருக்கிறது? சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் வாசலில் தினமும் பெரிது பெரிதாகக் கோலம் போட்டேன். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகும். அப்படிப் பார்த்தவள்தான் எதிர்வீட்டுத் தேவி.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் ஓடி வந்தாள்.

"அக்கா, சிரம்பான்ல ஒரு சீனத் தவுக்கே கோலம் வேலைக்கு ஆள் தேடுறானாம். பொம்பளையா இருந்தாலும் பரவால்லயாம். ஆனா ஒல்லியா இருக்கணுமாம்."

"கோலம் போட எதுக்குடி ஒல்லி?"

"மால்ல போடுவாங்கல்ல, ஆளுங்க போட்டோ எடுப்பாங்க. குண்டா இருந்தா கோலத்த மறைக்கும்போல."

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தீபாவளிக்கு முன்பு பெரிய கடைகளில் நடுக்கூடத்தில் கோலம் போடுவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அதைவிட நான் நன்றாகப் போடுவேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடம்பு கயிறு மாதிரி இருக்கும். தேவியின் கைப்பேசியிலேயே தவுக்கேயை, அதாவது அந்தச் சீன முதலாளியை, கூப்பிட்டேன்.

அவர் பெயர் ஆ லியோங். ஏதோ ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மகன் என்பதால் நம் தமிழ் பேசுவார். அன்று நாங்கள் பேசியதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

"அக்கா, கோலோங் வேலை. பயம் இல்லையா?"

"எனக்கென்ன பயம்? அஞ்சு வயசுலேருந்து செய்யிறேன்."

"வாஹ்! பெரிய கோலோங் செஞ்சிருக்கீங்களா?"

"கோயில் வாசல் முழுக்க நான் ஒருத்திதான்."

"கோயில் பெரிசு லா. பாம்பு?"

"பாம்பும் தெரியும். ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிக்கிற மாதிரி."

பிறகு, "அக்கா, நாளைக்கே வாங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க" என்றார்.

பழைய சட்டையாம். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு நான் அப்படியா போவேன்? பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து, ஒரு டப்பாவில் கோலப்பொடியும் இன்னொன்றில் அரிசிமாவும் எடுத்துக்கொண்டு அவர் லாரியில் ஏறினேன். அவர் என் சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், லாரியைக் கிளப்பினார்.

லாரி ஒரு பழைய பலகை வீட்டின் முன்னால் நின்றது. கம்பத்துப் பக்கம், மலாய்க்காரர்கள் கிராமங்களில், அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தூண் எழுப்பி, அதன் மேல் பலகைத் தரை போட்டிருப்பார்கள். தூணுக்குத் தூண் சுற்றிலும் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு. தவுக்கே அதைத் திறந்து என் கையில் டார்ச்சு லைட்டைக் கொடுத்தார்.

"வாசல் எங்க தவுக்கே?"

"இதுதான் வாசல். உள்ள போங்க."

உள்ளே பார்த்தேன். இருட்டு. ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. ஒரு கோழி என்னைப் பார்த்து முறைத்தது. அப்போதுதான் எனக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. ஆனால் தெரியும், தெரியும் என்று என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு திரும்பிப் போகிற பழக்கம் எனக்கில்லை. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன், பூவை எடுத்து லாரியில் வைத்தேன், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி உள்ளே போனேன்.

சாயங்காலம்தான் தவுக்கே என் டப்பாவைப் பார்த்தார்.

"இது என்ன அக்கா, எறும்பு மருந்தா?"

"கோலப்பொடி."

மனிதர் அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலாய்க்காரர்கள் வீட்டுக்கு அடியில் இருக்கிற இடத்தைக் கோலோங் என்பார்களாம். நாங்கள் சிமெண்டுத் தரை போட்ட தோட்டத்து லய வீட்டில் வாழ்ந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு அடியில் இடமே கிடையாது. பிறகு அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து தெரியும்?

"மலாய்ல கோலாம்னு இன்னொண்ணு இருக்கு. தெரியும்தானே?" என்றார்.

"தெரியும். குளம்."

"அதேதான். கோலோங் கோலாம் ஆகக் கூடாது. அதுதான் நம்ப வேலை."

வீட்டுக்கு அடி குளமாகக் கூடாது. இன்றுவரை என் வேலையை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். டப்பா இரண்டையும் நான் லாரியிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனால் தேவி கேள்வி கேட்பாள்.

அடியில் என்ன இருக்கிறது

வேலைக்குப் புதிதாக வருகிற சின்னவர்களுக்காகத் தவுக்கே எழுதச் சொன்னதால் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ஊர் மண் எப்போதும் ஈரம்தான். மழை பெய்யாத நாளிலும் மண்ணிலிருந்து ஆவி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு அடியில் காற்று ஓடினால் அது போய்விடும். அந்தக் காலத்தில் வீட்டின் அடியைத் திறந்தே விட்டார்கள். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். பிறகு வந்தவர்கள் பாம்பு வருகிறது, கோழி முட்டை இடுகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். காற்று போகச் சுவரில் ஓட்டைக் கல் வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையையும் பூந்தொட்டி வைத்து மறைப்பார்கள். பிறகு ஈரம் எங்கே போகும்? மேலேதான் ஏறும். பலகை குடிக்கும். குடித்த பலகை உப்பும், பூஞ்சணம் பிடிக்கும், கடைசியில் கரையானுக்குச் சாப்பாடாகும்.

மேலே குடியிருப்பவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அலமாரியில் சேலை வாடை அடிக்கிறது, அரிசி சீக்கிரம் கெடுகிறது, பிள்ளைக்கு இருமல் விடவில்லை என்பார்கள். அது எல்லாம் காலுக்குக் கீழேயிருந்து வருகிறது என்று நம்பவே மாட்டார்கள்.

உள்ளே போனதும் நான் முதலில் ஆணிகளைப் பார்ப்பேன். தரைப் பலகையில் அடித்த ஆணி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் தண்ணீர் முத்துப் போலத் தொங்கினால் ஈரம் அதிகம். பிறகு உத்தரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பேன். கேக்கில் குத்தியது போல இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. தவுக்கேயிடம் இரண்டு ஊசி வைத்த மீட்டர் ஒன்று இருக்கிறது. கட்டையில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். நல்ல சாமான்தான். ஆனால் அது எவ்வளவு என்றுதான் சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. அதைச் சொல்லச் சொல்லி அவரும் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

பிறகு வேலை. குப்பையை வாரி வெளியே போட வேண்டும். வீட்டுக்கு அடியில் மனிதர்கள் போட்டு வைக்கிற சாமானைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மண்ணைச் சமமாக்கி, அதன்மேல் கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று, தகரக் கூரை வேய்வது போல ஏறி உட்கார வேண்டும். தூணைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். ஓட்டைக் கற்களைத் திறந்துவிட வேண்டும். ஷீட் விரிக்கும்போது கடைக்கோடியில் தொடங்கிப் பின்னாலேயே நகர்ந்து கதவுக்கு வர வேண்டும். நான் முதல் வீட்டில் கதவிலிருந்து தொடங்கிக் கடைக்கோடியில் போய் மாட்டிக்கொண்டேன். விரித்த ஷீட்டைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது தவுக்கே, "பரவால்லை அக்கா, கோயில்ல இப்படித்தான் போடுவாங்களா?" என்றார். அந்தக் கிண்டல் ரொம்ப நாள் ஓடியது.

சரசு அக்காவின் வீடு

வீடுகள் எத்தனையோ செய்தோம். மனத்தில் நிற்பது பெடாஸ் பக்கத்தில் இருக்கிற சரசு அக்காவின் வீடுதான்.

அது ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர், குடியிருந்த பலகை வீடு. சரசு அக்கா அதே தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது அவரும் அவர் வீட்டுக்காரரும் அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். கிராணி வீட்டுப் பின்வாசலில் நின்று பேசியவள் முன்வாசலுக்குச் சொந்தக்காரியானால் எப்படி இருப்பாள்? அந்த நடை அக்காவுக்கு இருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் முரளிக்குக் கிள்ளானில் வேலை, அங்கே அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் குடியிருப்பு.

முதல் தடவை போனபோது வாசல் சிமெண்டில் ஒரு கோலம் இருந்தது. நான் சும்மா யாரையும் புகழ மாட்டேன். அது நல்ல கோலம். புள்ளிக்குப் புள்ளி நூல் பிடித்தது போல இருந்தது.

"மிதிச்சிராத, சுத்தி வா" என்றார் அக்கா, முதல் வார்த்தையாக.

"எனக்கும் கண்ணு இருக்கு அக்கா. நானும் போடுறவதான்."

"அப்படியா? எங்க போடுவ?"

"ரந்தாவ்ல."

"ரந்தாவ்லயா" என்றார். அந்த ஊரில் கோலமே கிடையாது என்பது போல இருந்தது அந்தக் குரல்.

கூடத்தில் நடந்தால் பலகை மெத்தை மாதிரி அமுங்கியது. அடியில் ஆணிக்கு ஆணி தண்ணீர் தொங்கியது. ஷீட் விரித்தோம், ஓட்டைக் கற்களைத் திறந்தோம், இரண்டு கட்டைகளை மாற்றினோம். கொஞ்ச நாளில் காய்ந்துவிடும் என்று தவுக்கே சொன்னார். காயவில்லை. திரும்பக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஷீட்டின் மேலேயே, வீட்டின் நட்டநடுவில், தண்ணீர் தேங்கி நின்றது. தவுக்கே என் பின்னாலேயே ஊர்ந்து வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கோலோங் கோலாம் ஆயிருச்சு" என்றார்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து அதை மாற்றினோம். தண்ணீரைத் துடைத்து எடுத்தோம். மறுபடியும் குளம்.

மூன்றாவது தடவை போனபோது முரளி வந்திருந்தான். கூடத்தில் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள். வெண்கலப் பாத்திரமும் சாமி படமும் பழைய தாளில் சுற்றி உள்ளே இருந்தன.

"ஆன்டி, உங்க மேல குத்தம் சொல்லல" என்றான். நல்ல பிள்ளை, தணிந்துதான் பேசினான். "இது கடைசித் தடவ. போன வாரம் அம்மா கால் பலகையோட உள்ள எறங்கிருச்சு. நல்ல வேளை, ஒடையல. இந்த வாட்டியும் காயலைன்னா வீட்ட வித்துட்டு அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அக்கா சன்னல் ஓரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இருந்த அந்த நடை அன்று இல்லை. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்:

"செல்லம்மா, காஞ்சிருமா?"

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒருமுறை மாட்டியது போதும்.

எறும்பு தின்ற மாவு

தண்ணீர் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் எங்கிருந்தோ ஓடி வந்துதான் நிற்கிறது. ஓடி வந்த தடம் அதற்குள் காய்ந்துவிடுகிறது. நாங்கள் வருகிற நேரத்துக்குக் குளம் இருக்கும், வாய்க்கால் இருக்காது. மேலேயிருந்து சொட்டுகிறதா, சுவர் வழியாக வருகிறதா, மண்ணுக்குள்ளிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்லாந்து படுத்து யோசித்தேன். அப்போதுதான் அந்த டப்பாக்களின் ஞாபகம் வந்தது.

கோலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெரியும். எந்தக் கோடு, எந்த இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து கலைந்தது என்று எந்தப் பெண்பிள்ளையும் பார்த்ததும் சொல்லிவிடுவாள். ஷீட்டைத் துடைத்துக் காய விட்டு, நாலு சுவர் ஓரத்திலும் ஒரு கோடு, தூண்களைச் சுற்றி ஒரு கோடு, நடுவில் குளம் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கோலம். எல்லாம் அரிசிமாவில் இழுத்தேன். மாவுதான் கலைந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு கோடும் இல்லை. எறும்புப் படை மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

தவுக்கே கதவில் தலையை விட்டு, "அக்கா, யார் வீட்டு எறும்புக்குத் தீபாவளி?" என்றார்.

"வாய மூடிக்கிட்டு லாரியிலேருந்து அந்த இன்னொரு டப்பாவ எடுத்துத் தாங்க."

அது கல்லுப்பொடி. எறும்பு தொடாது. முதல் நாள் வேலைக்குக் கொண்டுவந்து, வெட்கத்தில் லாரியிலேயே விட்ட அதே பொடி. அன்று பகலெல்லாம் நிதானமாகப் போட்டேன்.

அடுத்த நாள் தவுக்கேக்குத் தம்பினில் வேறு வேலை இருந்ததால் விடிந்ததும் கிளம்பி வந்தோம். முன்வாசல் கதவு இன்னும் திறக்கவில்லை. குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் யாரையும் கூப்பிடாமல் பக்கக் கதவு வழியாக அடியில் நுழைந்தேன்.

எல்லாக் கோடுகளும் அப்படியே இருந்தன. ஒரு பொடி நகரவில்லை. குளமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. ஈரம் இருந்தால் கண்டுபிடிக்கலாம், ஈரமே இல்லாவிட்டால் எதைக் கண்டுபிடிப்பது?

அப்போது தலைக்கு மேலே முன்கதவு திறந்தது. படியில் அக்காவின் கால் சத்தம். வாளி வைக்கிற சத்தம். பிறகு சளார் என்று ஒரு சத்தம். இன்னொரு சளார். விளக்குமாறு சரசரவென்று கூட்டியது.

முன்படிக்குக் கீழே இருந்த ஓட்டைக் கல்லின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. பாம்பு மாதிரி நுழைந்து, முன்சுவர்க் கோட்டைத் தின்று, ஷீட்டின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக என் முகத்துக்கு வந்தது. நான் நகர்வதற்குள் மோவாய் நனைந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போய் நடுவில் நான் போட்ட சின்னக் கோலத்தின் மேல் வட்டமாக நின்றது.

மேலே சரசு அக்கா ஏதோ சாமிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தார்.

வாசல் தெளிக்காத வீடு

நான் வெளியே வந்தபோது முகமெல்லாம் வெள்ளை. அக்கா கோலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி இது, காலங்காத்தால காவடியா எடுக்கப் போற?"

"இல்லக்கா. இப்பதான் நீங்க எனக்கு அபிஷேகம் பண்ணீங்க."

முரளியும் தூக்கக் கண்ணோடு வெளியே வந்தான். நான் கண்டதைச் சொன்னேன். தவுக்கே ஒரு கோலிக்குண்டை எடுத்து வாசல் சிமெண்டில் வைத்தார். அவர் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அது தெருப் பக்கம் போகவில்லை. மெதுவாக உருண்டு வந்து வீட்டுச் சுவரில் முட்டி நின்றது.

அக்கா அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப என் வீட்ட நானேதான் கெடுத்தேன்னு சொல்றியா?"

"ம்மா, தினம் விடிஞ்சதும் வாளி வாளியா ஊத்துறியே, நான் எத்தன வாட்டி சொல்..." என்று முரளி தொடங்கினான்.

"தம்பி, இருங்க" என்றேன். "அம்மா இந்த வீட்டுக்கு வந்த நாளாத் தண்ணி ஊத்துறாங்க. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"மண்ணு" என்றான்.

"மண்ணு குடிச்சிருச்சு. இந்தச் சிமெண்டு யாரு போட்டது?"

அவன் காலால் சிமெண்டைத் தேய்த்தான். அக்கா சொன்னார். "அவன்தான் போட்டான். நான் சேத்துல வழுக்கி விழுந்துருவேன்னு, லீவு போட்டுட்டு வந்து, நின்னு போட்டுக் குடுத்தான்."

தவுக்கே தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேரும் நல்லதுதான் செஞ்சீங்க லா. ரெண்டு நல்லதும் சேந்து கோலோங் உள்ள போயிருச்சு."

முரளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்ப ஈசிதான். இனிமே தண்ணி ஊத்தாத ம்மா. அவ்வளவுதான்."

அக்கா கையிலிருந்த பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா செத்த வருஷம் இந்த வாசல் தெளிக்காமக் கெடந்துச்சு. போறவன் வர்றவன்லாம் பாத்துட்டுப் போனான். வருஷம் திரும்பி, நானே வாளிய எடுத்துத் தண்ணி ஊத்தின அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. மறுபடி அது மாதிரிப் போடச் சொல்றியா? எழவு வீடு மாதிரியா? அதுக்கு நான் உன் பதினோராவது மாடிக்கே வந்துர்றேன். கட்டு பெட்டிய."

அவன் இத்தனை நாள் கேட்டது அதுதான். கிடைத்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. அம்மா கோபித்துக்கொண்டு வருவதை எந்தப் பிள்ளை விரும்பும்?

நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "தம்பி, உங்க வீட்டு வாசல்ல என்ன இருக்கு?"

"காரிடார் ஆன்டி."

"கோலம்?"

முரளி தலையைச் சொறிந்தான். "என் வொய்ப் போட்டுருக்கு... ஒட்டியிருக்கு. ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கரா?" என்றார் அக்கா.

"ஆமாம்மா. கழுவலாம், அழியாது."

சரசு அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

"தவுக்கே" என்றார் அக்கா, "இந்தச் சிமெண்ட ஒடச்சிட்டுத் திருப்பிப் போட முடியுமா?"

தண்ணீர் போகிற பக்கம்

முழுதாக உடைக்க வேண்டியிருக்கவில்லை. சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டை வெட்டி எடுத்து, தண்ணீர் ஓடச் சின்னக் கால்வாயாக ஒரு லோங்காங் கட்டி, தெருவோரப் பெரிய லோங்காங்கில் சேர்த்தோம். பழைய சிமெண்டின் மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டு, சரிவைத் தெருப் பக்கம் திருப்பினார் தவுக்கே. ஓட்டைக் கல்லுக்கு அடியில் இருந்த வெடிப்பை அடைத்தோம். காற்று போகும், தண்ணீர் போகாது.

முரளி லீவு போட்டுக் கூடவே நின்று சிமெண்டு குழைத்தான். அக்கா படியில் உட்கார்ந்து மேற்பார்வை. பாதி வேலையில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"செல்லம்மா, தண்ணி வீட்ட விட்டு வெளிய ஓடுதே. லட்சுமியும் கூடவே போயிர மாட்டாளா?"

"அக்கா, லட்சுமி வந்தா எங்க உக்காருவா? காஞ்ச பலகையிலயா, ஊறிப்போன பலகையிலயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "காஞ்சதுலதான்" என்றார். "ஆனா நீ சொன்னதுக்காக ஒத்துக்கல."

வேலை முடிந்து சிமெண்டு இறுகியதும் தவுக்கே சொன்னார்: "ஆயா, புது சிமெண்டு. காலைல சாயந்தரம் நல்லாத் தண்ணி ஊத்தணும். இல்லாட்டி வெடிச்சிரும்."

சரசு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றே இரண்டு வாளி ஊற்றினார். தண்ணீர் பளபளவென்று தெருவைப் பார்த்து ஓடியது. கோலிக்குண்டு அதன் பின்னாலேயே உருண்டு போனது. தவுக்கே ஓடிப் போய்ப் பிடித்தார்.

கிளம்புவதற்கு முன்னால் நான் அடியில் போய், ஷீட்டை நன்றாகத் துடைத்து, குளம் நின்ற அதே இடத்தில் மீதிப் பொடியில் ஒரு கோலம் போட்டேன். இந்த முறை சோதனைக்குக் கோடு மட்டும் இழுக்கவில்லை. புள்ளி வைத்து, சிக்குக் கோடு இழுத்து, முழுக் கோலம். முரளி சொன்னான்: "மழைக்காலம் முடியட்டும் ஆன்டி. அப்பப் பாத்து முடிவு பண்ணுவோம்." பெட்டிகள் கூடத்திலேயே இருந்தன.

அந்த வருஷம் மழைக்கு ஒரு குறையும் இல்லை. ரந்தாவில் எங்கள் தெருவிலேயே லோங்காங் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு மழைக்கும் எனக்குப் பெடாஸ் ஞாபகம்தான். அக்காவும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மழை ஓய்ந்ததும் போனோம். முரளி வந்திருந்தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஊர்ந்தேன். ஆணிகளைப் பார்த்தேன், துரு இருந்தது, தண்ணீர் இல்லை. ஈர வாடை இல்லை, பழைய பலகையின் வாடைதான். நடுவில் என் கோலம், போட்டது போட்டபடி, வெள்ளையாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் பல்லி நடந்த தடம். தவுக்கே மீட்டரைக் குத்திப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் மேலே வந்தபோது முரளி கேட்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் பெட்டியைப் பிரித்தான். முதலில் சாமி படத்தை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினான்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான். ஒரு வீட்டில் ஈரம் என்று கூப்பிட்டால், போனதும் அடியில் நுழைந்துவிடாதீர்கள். முதலில் அந்த வீட்டுக்காரர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கே குளிக்கிறார்கள், எங்கே ஊற்றுகிறார்கள், எதை விடமாட்டார்கள் என்று கேளுங்கள். விடமாட்டார்கள் என்று தெரிந்தால், அதை விடச் சொல்லாதீர்கள். தண்ணீருக்கு வழியை மாற்றிக் கொடுங்கள். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும், மனிதர்கள் கேட்கமாட்டார்கள்.

அன்று சரசு அக்கா என்னை விடவில்லை.

"அடியில கோலம் போட்டிருக்கியாமே, தவுக்கே சொன்னான். என் வீட்டுக் கோலத்த நான் பாக்க வேணாமா?"

அவர் முழங்காலுக்கு அந்தக் கதவு ஆகாது. தவுக்கேயின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய், படம் எடுத்துவந்து காட்டினேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணாவது வரிசைல புள்ளி கோணல்" என்றார்.

"இருட்டுல, குப்புறப் படுத்துக்கிட்டுப் போட்டது அக்கா."

"அதனால என்ன? கோணல் கோணல்தான். ரந்தாவ்ல இப்படித்தான் போடுவீங்களா?"

வருஷத்துக்கு ஒருமுறை அந்த வீட்டு அடியைப் பார்க்கப் போகிறேன். அடுத்த தடவை போனபோது அந்தக் கோலத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, மூன்றாவது வரிசைப் புள்ளியை நேராக வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. படம் மட்டும் காட்டினேன்.